உள்ளங்கை எந்தப் பக்கம்? – வாசகர் கேள்வி பதில்

இந்த வாரம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான், கை சைகை. ஒரு நாட்டுல பாராட்டா இருக்கிறது இன்னொரு நாட்டுல எப்படி கெட்ட வார்த்தை ஆகுதுன்னு ஆளாளுக்கு கேட்டிருக்கீங்க. அதனால மத்த கேள்வியை எல்லாம் அடுத்த வாரத்துக்கு ஒதுக்கி வச்சுட்டு இதை மட்டும் எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: சார், எங்க டீம்ல ஈரான்காரர் ஒருத்தர் இருக்கார், வயசு அறுபதுக்கு மேல இருக்கும். வீடியோ கால்ல அவர் போட்ட டிராயிங் ரொம்ப நல்லா இருக்குன்னு தம்ஸ் அப் காட்டினேன். சட்டுனு முகம் மாறிடுச்சு, கால் முடியற வரைக்கும் என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. நான் என்ன தப்பு பண்ணேன்?

பதில்: நீங்க மனசறிஞ்சு ஒண்ணும் தப்பு பண்ணலங்க. ஆனா அவர் கண்ணுக்கு நீங்க காட்டினது பாராட்டு இல்ல. ஈரான்ல கட்டைவிரலை அப்படி நிமித்திக் காட்டுறதுக்கு பீலாக்னு பேரே இருக்கு, "இதைக் கொண்டு போய் சொருகிக்கோ"ங்கிற அர்த்தம், நமக்கு யாராவது நடுவிரலைக் காட்டினா எப்படி சுருக்குனு வருமோ அப்படித்தான் அவங்களுக்கும் வரும். ஈராக்லயும் ஆப்கானிஸ்தான்லயும் இதை அவமரியாதையா எடுத்துக்கிறவங்க உண்டு. இப்ப இருக்கிற சின்னப் பசங்க ஃபோன்லயும் சோஷியல் மீடியாலயும் லைக் போட்டுப் போட்டு இதுக்குப் பழகிட்டாங்க, அவங்களுக்கு ரெண்டு அர்த்தமும் தெரியும், ஆனா அறுபது வயசுக்காரர் சின்ன வயசுல சண்டை போட்டப்ப பாத்த சைகை இது, அறிவுக்கு இது வெளிநாட்டுக்காரங்க பாராட்டுன்னு தெரிஞ்சாலும் உடம்பு முதல்ல கோபப்பட்டுடும்.

அவருக்குத் தனியா ஒரு மெசேஜ் போடுங்க. சுத்தி வளைக்காம, "எங்க பக்கம் அது நல்லா இருக்குன்னு சொல்ற சைகை, உங்க பக்கம் என்னன்னு எனக்குத் தெரியாம போச்சு, மன்னிச்சிடுங்க, டிராயிங் உண்மையிலேயே அருமை"ன்னு எழுதுங்க. முக்கியமா அந்தக் கடைசி வரியை விட்டுடாதீங்க, ஏன்னா நீங்க பாராட்டினது அவருக்கு இன்னும் போய்ச் சேரவே இல்ல. அந்த மெசேஜ் கடைசில பழக்க தோஷத்துல தம்ஸ் அப் எமோஜி போட்டுடாம பாத்துக்கோங்க.

கேள்வி: தம்ஸ் அப் எமோஜியால ஒருத்தர் கோர்ட்டுக்குப் போனதா படிச்சேன், நிஜமா?

பதில்: நிஜம்தான், கனடாவுல சஸ்காட்செவன் மாகாணத்துல நடந்தது. தானியம் வாங்குற கம்பெனி ஒண்ணு 2021ல ஒரு விவசாயிக்கு ஆளிவிதை ஒப்பந்தத்தை ஃபோட்டோ எடுத்து அனுப்பி உறுதி பண்ணச் சொல்லுச்சு, அவர் பதிலுக்கு தம்ஸ் அப் மட்டும் போட்டார். சொன்ன நேரத்துக்கு விதை போகல. "ஒப்பந்தம் கிடைச்சதுன்னு சொல்லத்தான் போட்டேன், சம்மதம்னு சொல்லல"ன்னு அவர் வாதாடினார். 2023ல நீதிபதி அதை ஏத்துக்கல, அந்த எமோஜி கையெழுத்துக்குச் சமம்னு சொல்லி 82 ஆயிரம் கனடா டாலருக்கு மேல கட்டச் சொல்லிட்டார். இதுல வசவு ஒண்ணும் இல்லதான், ஆனா ரெண்டு பேரும் ஒரே நாட்டுக்காரங்க, ஒரே மொழி பேசுறவங்க, அவங்களுக்குள்ளயே ஒரு கட்டைவிரலுக்கு ரெண்டு அர்த்தம் இருந்திருக்கு பாருங்க.

கேள்வி: ஃபோட்டோ எடுத்தாலே ரெண்டு விரலை விரிச்சு V காட்டுறது என் பொண்ணோட பழக்கம். அடுத்த மாசம் லண்டன்ல படிக்கப் போறா. அங்க அது கெட்ட சைகைன்னு அவ ஃப்ரெண்டு பயமுறுத்துறா. தடுக்கணுமா?

பதில்: தடுக்க வேண்டாம்மா, உள்ளங்கை எந்தப் பக்கம் இருக்கணும்னு மட்டும் சொல்லிக் குடுங்க. உள்ளங்கை எதிர்ல இருக்கிறவங்களைப் பாத்து இருந்தா வெற்றி, சமாதானம், சந்தோஷம். அதே ரெண்டு விரலைத் திருப்பி புறங்கையைக் காட்டினா பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து இங்க எல்லாம் அது அசல் வசவு, நடுவிரலுக்குத் தம்பின்னு வச்சுக்கோங்க.

இந்த ஒரு சைகையோட கதையை மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்றேன், எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை. இரண்டாம் உலகப் போர்ல பெல்ஜியம் ஜெர்மனி பிடில இருந்தப்ப, லண்டன்ல இருந்து பிபிசி ரேடியோல பெல்ஜியம் மக்களுக்காகப் பேசிட்டு இருந்தவர் விக்டர் த லாவலே. அவர் 1941 ஜனவரில ஒரு யோசனை சொன்னார், எதிர்ப்பைக் காட்ட V எழுத்தை எல்லா இடத்துலயும் எழுதுங்கன்னு. ஏன் V? பெல்ஜியத்துல பிரெஞ்சு பேசுறவங்களுக்கு அது வெற்றிங்கிற வார்த்தையோட முதல் எழுத்து, டச்சு பேசுறவங்களுக்கு சுதந்திரங்கிற வார்த்தையோட முதல் எழுத்து, ரெண்டு பேருக்கும் பொதுவா அமைஞ்சுது. ராத்திரியோட ராத்திரியா சுவர்ல எல்லாம் V வந்துச்சு. அப்புறம் அதை சர்ச்சில் கைல எடுத்துக்கிட்டு விரலால காட்ட ஆரம்பிச்சார், உலகமே காட்ட ஆரம்பிச்சுது. ஆனா சர்ச்சிலே ஆரம்பத்துல சில ஃபோட்டோல புறங்கையைக் காட்டி V போட்டிருக்கார், அதை சாதாரண பிரிட்டிஷ் தொழிலாளி எப்படிப் பாத்திருப்பார்னு யோசிச்சுப் பாருங்க, ஏன்னா அவங்க தெருவுல அது போருக்கு ரொம்ப முன்னாடியே வசவு. 1901ல ராதர்ஹாம் பக்கத்துல ஒரு இரும்பாலை வாசல்ல எடுத்த சினிமா படச்சுருள் இன்னும் இருக்கு, கேமரா தன்னைப் படம் பிடிக்கிறது பிடிக்காத ஒரு வாலிபன் இதே புறங்கை V-யைக் காட்டிட்டுப் போறான்.

1992ல அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ், அப்பா புஷ், ஆஸ்திரேலியா தலைநகர் கான்பெராவுக்குப் போனப்ப அங்க விவசாயிங்க அமெரிக்காவோட மானியக் கொள்கையை எதிர்த்துப் போராடிட்டு இருந்தாங்க. அவர் கார்ல போய்க்கிட்டே அவங்களைப் பாத்து சிரிச்சுக்கிட்டு V காட்டினார், புறங்கை வெளிப்பக்கம். சமாதானம்னு அவர் நினைச்சது அங்க கேவலமான திட்டாப் போச்சு. இத்தனைக்கும் அதுவும் இங்கிலீஷ் பேசுற நாடுதான். மொழி ஒண்ணா இருந்தா கையும் ஒண்ணா இருக்கும்னு நம்பிடக் கூடாது.

ஒண்ணு மட்டும் நம்பாதீங்க, 1415ல அஜின்கோர்ட் சண்டைல பிரெஞ்சுக்காரங்க வில்லாளிகளோட விரலை வெட்டுவேன்னாங்க, அதுக்கு பதிலா இங்கிலீஷ்காரங்க ரெண்டு விரலைக் காட்டினாங்க, அதுல இருந்து வந்ததுன்னு ஒரு கதை வாட்ஸ்அப்ல சுத்துது. அந்தக் காலத்து எழுத்துல இந்தச் சைகையைப் பத்தி ஆதாரம் எதுவும் கிடையாது. கேக்க நல்லா இருக்கு, அவ்வளவுதான்.

கேள்வி: நடுவிரல் மட்டும் எல்லா நாட்டுலயும் கெட்டதுதானா? எங்க இருந்து வந்துச்சு?

பதில்: இன்னைக்கு கிட்டத்தட்ட எல்லா நாட்டுக்காரங்களுக்கும் புரியுது, அதுக்கு அமெரிக்க சினிமாவும் டிவியும் முக்கியக் காரணம். ஆனா அது அமெரிக்காவுல பிறக்கல. பழைய கிரேக்கத்துலயே இருந்திருக்கு, கி.மு. 423ல அரங்கேறின ஒரு நகைச்சுவை நாடகத்துலயே நடுவிரல் ஜோக் வருது. தத்துவஞானி டயோஜெனிஸ் பெரிய பேச்சாளர் டெமாஸ்தெனிஸை சுட்டிக் காட்ட நடுவிரலை நீட்டினார்னு பிற்காலத்துல ஒரு குறிப்பு இருக்கு. ரோம்காரங்க அதுக்கு வெட்கங்கெட்ட விரல்னே பேர் வச்சிருந்தாங்க. அர்த்தம் அன்னைக்கும் இன்னைக்கும் ஒண்ணுதான், நடுவுல நிமிந்து நிக்கிறது ஆணுறுப்பு, ரெண்டு பக்கமும் மடங்கி இருக்கிறது மீதி. ரெண்டாயிரத்து நானூறு வருஷமா மாறாம வந்த வசவு. தெரிஞ்ச வரைக்கும் ஃபோட்டோல முதல்ல மாட்டினது 1886ல, பாஸ்டன் பேஸ்பால் டீம் க்ரூப் ஃபோட்டோல ராட்போர்ன்ங்கிற ஆட்டக்காரர் ஓரமா நின்னு காட்டியிருக்கார்.

ஆனா எல்லாருக்கும் எப்பவும் தெரிஞ்சிருந்ததான்னா இல்ல, அதுக்கு 1968ல நடந்த ஒரு சம்பவமே சாட்சி. ப்யூப்ளோங்கிற அமெரிக்க உளவுக் கப்பலை வட கொரியா பிடிச்சு 82 பேரை பதினோரு மாசம் கைதியா வச்சிருந்துச்சு. "நாங்க நல்லா இருக்கோம், எங்களை நல்லா கவனிக்கிறாங்க"ன்னு உலகத்துக்குக் காட்ட அவங்களை உக்கார வச்சு ஃபோட்டோ எடுத்தாங்க. கைதிங்க அந்த ஃபோட்டோல எல்லாம் கமுக்கமா நடுவிரலை நீட்டி வச்சாங்க. காவல்காரங்க என்னன்னு கேட்டதுக்கு, ஹவாய்ல நல்லது நடக்கணும்னு காட்டுற சைகைன்னு சொல்லிட்டாங்க, அவங்களும் நம்பிட்டாங்க. ஃபோட்டோவைப் பாத்த அமெரிக்காக்காரனுக்கு இது மிரட்டி எடுத்ததுன்னு உடனே புரிஞ்சுது. அப்புறம் ஒரு அமெரிக்கப் பத்திரிகை அந்த ஃபோட்டோவைப் போட்டு சைகைக்கு உண்மையான அர்த்தத்தையும் அச்சடிச்சுடுச்சு, அது வட கொரியாக்காரங்க கண்ணுல பட்டு, கைதிங்க எல்லாரையும் நாள் கணக்கா அடிச்சு நொறுக்கினாங்க. அந்த வருஷம் டிசம்பர்லதான் விடுதலை ஆனாங்க. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மனுஷங்களோட தைரியத்தை விட அந்தப் பத்திரிகையோட அவசரம்தான் மனசை அரிக்குது, தெரிஞ்சதை எல்லாம் தெரிஞ்ச உடனே சொல்லணுமாங்கிற கேள்வி.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். கனடாவுல 2023ல கியூபெக் நீதிபதி ஒருத்தர் நடுவிரல் காட்டுறது குற்றமே இல்ல, அது கடவுள் குடுத்த உரிமைன்னு தீர்ப்புல எழுதினார். ஐக்கிய அரபு அமீரகத்துல அதே விரலை ரோட்டுல ஒருத்தர்கிட்ட காட்டினா போலீஸ் கேஸ் ஆகும், நாட்டை விட்டே அனுப்பவும் செய்வாங்க. வளைகுடால வேலை பாக்கிறவங்க, குறிப்பா வண்டி ஓட்டுறவங்க, எவ்வளவு கோபம் வந்தாலும் ரெண்டு கையையும் ஸ்டீயரிங்கை விட்டு எடுக்காதீங்க. இதை ரொம்ப அக்கறையா சொல்றேன், ஒரு விரலுக்காக பல வருஷ உழைப்பை இழக்கக் கூடாது.

கேள்வி: கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமா சேத்துக் காட்டுற ஓகே சைகை காட்டலாமா சார்?

பதில்: ஸ்கூபா டைவிங் போறவங்க கட்டாயம் காட்டியாகணும், தண்ணிக்குள்ள அதுக்கு "நான் நல்லா இருக்கேன்"னு அர்த்தம், அங்க போய் தம்ஸ் அப் காட்டினா "மேல போகணும்"னு எடுத்துக்கிட்டு கூட வர்றவர் உங்களையும் கூட்டிட்டு மேல வந்துடுவார். தண்ணிக்கு வெளிய வந்தா கதை வேற. பிரான்ஸ்ல பூஜ்யம், அதாவது ஒண்ணுத்துக்கும் உதவாது. ஜப்பான்ல காசு. பிரேசில்ல, துருக்கில ஆபாசம், அந்த வட்டம் உடம்புல எந்த இடத்தைக் குறிக்குதுன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. அமெரிக்காவுல 2017ல சில பேர் இது வெள்ளை இனவெறிச் சின்னம்னு இன்டர்நெட்ல வேணும்னே ஒரு புரளியைக் கிளப்பி விட்டாங்க, மத்தவங்களை ஏமாத்துறதுதான் நோக்கம், ஆனா கொஞ்ச நாள்ல நிஜமான இனவெறிக்காரங்களே அதை எடுத்துக் காட்ட ஆரம்பிச்சு, 2019ல வெறுப்புச் சின்னங்களைத் தொகுக்கிற அமைப்பு ஒண்ணு இதையும் பட்டியல்ல சேத்துடுச்சு. பொய்யா ஒரு அர்த்தம் குடுத்தாலும் நிறைய பேர் நம்பிட்டா அது நிஜ அர்த்தமாவே ஆயிடுதுங்கிறது எனக்கு உண்மையிலேயே பயமா இருக்கு. அதுக்காக ஓகே காட்டுறவங்களை எல்லாம் சந்தேகப்படாதீங்க, பெரும்பாலான இடத்துல அது இன்னும் வெறும் ஓகேதான்.

கேள்வி: கிரீஸ் டூர் போறோம். அங்க "ஸ்டாப்"னு கை காட்டக் கூட பயப்படணும்னு சொல்றாங்களே?

பதில்: அஞ்சு விரலையும் நல்லா விரிச்சு உள்ளங்கையை ஒருத்தர் முகத்துக்கு நேரா நீட்டுறதுக்கு அங்க மூட்சானு பேர். பைசான்டைன் காலத்துல, அதாவது கிழக்கு ரோமப் பேரரசு இருந்த காலத்துல, குற்றவாளியைக் கழுதை மேல உக்கார வச்சு ஊர்வலமா கூட்டிட்டுப் போய் மூஞ்சில சாம்பலும் கரியும் பூசுவாங்களாம், அந்தப் பூசுற கைதான் இது. "நா!"ன்னு சொல்லிக்கிட்டே காட்டுவாங்க, இந்தா பிடின்னு அர்த்தம், ஒரு கை போதலன்னா மேல இன்னொரு கையையும் வச்சுத் தட்டி டபுளாக் குடுப்பாங்க. 2011ல பொருளாதார நெருக்கடி சமயத்துல ஏதென்ஸ்ல பாராளுமன்றம் எதிர்ல ஆயிரக்கணக்கான பேர் கூடி நின்னு கட்டடத்தைப் பாத்து ஒண்ணா மூட்சா குடுத்தாங்க. மொத்தக் கோபத்தையும் கையில காட்டின அந்தக் காட்சியை நினைச்சா இப்பவும் எனக்கு சிலிர்க்கும்.

நீங்க பயப்படுற அளவுக்கு ஒண்ணும் இல்ல. அஞ்சுன்னு சொல்லணும்னா வாயால சொல்லுங்க, இல்ல உள்ளங்கையை உங்க பக்கம் திருப்பிக் காட்டுங்க. வேண்டாம்னு சொல்ல விரலைச் சேத்து வச்சு கையைத் தாழ்த்திக் காட்டுங்க. லண்டன்ல புறங்கை காட்டாதேன்னு மேல சொன்னேன், இங்க உள்ளங்கையைக் காட்டாதேங்கிறேன், முரண் மாதிரி தெரியும், என்ன பண்றது அப்படித்தான் இருக்கு.

கேள்வி: ராக் மியூசிக் ஷோல காட்டுற கொம்பு சைகை சாத்தான் சம்பந்தப்பட்டதா?

பதில்: நார்வேக்காரங்க சில பேர் அப்படித்தான் நினைச்சாங்க. 2005ல மகன் புஷ் பதவியேற்பு விழாவுல அவர் பொண்ணு ஆள்காட்டி விரலையும் சுண்டு விரலையும் நீட்டிக் காட்டினதைப் பாத்து அங்க அதிர்ச்சியா நியூஸ் போட்டாங்க. அது டெக்சாஸ் யுனிவர்சிட்டியோட சைகை, மாட்டுக் கொம்பு, 1955ல இருந்து இருக்கு, வேற ஒண்ணும் இல்ல. ராக் மேடைக்கு இதைக் கொண்டு வந்து பிரபலமாக்கின பாடகர் ரோனி ஜேம்ஸ் டியோ, கண் திருஷ்டி படாம இருக்க என் இத்தாலியப் பாட்டி காட்டுறது இதுன்னு சொல்லியிருக்கார். இத்தாலில கொம்பு தரையைப் பாத்து இருந்தா திருஷ்டி கழிக்கிறது, ஒருத்தர் தலைக்குப் பின்னாடியோ முகத்துக்கு நேராவோ நிமிந்து இருந்தா "உன் பொண்டாட்டி உன்னை ஏமாத்துறா"ன்னு அர்த்தம். 2002ல ஐரோப்பிய வெளியுறவு அமைச்சர்கள் க்ரூப் ஃபோட்டோல அப்ப இத்தாலி பிரதமரா இருந்த பெர்லுஸ்கோனி ஸ்பெயின் அமைச்சர் தலைக்குப் பின்னாடி இதைக் காட்டி பெரிய பிரச்சனை ஆச்சு.

கேள்வி: விளையாட்டுல கெட்ட சைகை காட்டினா தண்டனை உறுதியா?

பதில்: 1994 ஃபுட்பால் உலகக் கோப்பைல சொந்த ரசிகர்களுக்கே நடுவிரல் காட்டின ஜெர்மனி ஆட்டக்காரர் எஃபன்பெர்க்கை பாதிலயே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்ஸ்ல போலந்தோட கோஸகேவிச் தப்பிச்சார். கோலூன்றித் தாண்டுற போட்டி, சோவியத் ரசிகர்கள் அவர் ஓடி வரும்போதெல்லாம் விசிலடிச்சு கத்தி தொந்தரவு குடுத்தாங்க, அவர் தாண்டி ஜெயிச்சதும் கூட்டத்தைப் பாத்து ஒரு கையை மடக்கி முழங்கைல இன்னொரு கையால அடிச்சுக் காட்டினார். முழங்கை வரைக்கும் நீண்ட நடுவிரல்னு புரிஞ்சுக்கலாம். 5.78 மீட்டர், உலக சாதனை, தங்கம். சோவியத் தூதர் மெடலைப் பிடுங்கணும்னு சண்டை போட்டார், தசைப் பிடிப்புல கை தானா மடங்கிடுச்சுன்னு போலந்து தரப்புல சொல்லிட்டாங்க, மெடல் அவர்கிட்டயே இருந்துச்சு. சோவியத் மேல கோபம் இருந்தும் வாய் திறக்க முடியாத போலந்து மக்களுக்கு அந்தக் கை அவங்க சார்பா பேசின மாதிரி இருந்திருக்கு, இன்னைக்கும் அங்க அந்தச் சைகைக்கு அவர் பேருதான். கெட்ட சைகைதான், நான் மறுக்கல, ஆனா அவரைத் திட்ட எனக்கு மனசு வரல.

கேள்வி: எங்க பையனுக்குக் காது கேக்காது. அமெரிக்க சைகை மொழில எழுத்து கத்துக்கிறான். அதுல T எழுத்தைக் காட்டினப்ப விமானத்துல பக்கத்துல இருந்த வெளிநாட்டுக்காரர் முறைச்சு ஏதோ சொன்னார். பையன் அப்படியே கையை மடிச்சுக்கிட்டான். ரொம்ப வேதனையா இருந்துச்சு.

பதில்: படிச்சதும் எனக்கும் வலிச்சுதும்மா. முஷ்டியை மடக்கி ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவுல கட்டைவிரல் நுனியை நீட்டுறதுதான் அங்க T. அதே முஷ்டி துருக்கில, இந்தோனேசியாவுல ஆபாசம். ரஷ்யாவுல "உனக்கு ஒண்ணும் கிடையாது போ"ங்கிற அர்த்தம். பிரேசில்ல இதே வடிவத்துல தாயத்து பண்ணி கழுத்துல போட்டுக்கிறாங்க, நல்லது நடக்கும்னு. அந்த மனுஷர் எந்த நாடோ, எந்த அர்த்தத்தை எடுத்துக்கிட்டாரோ.

சைகை மொழி ஒரு முழு மொழி, அதுல ஒரு எழுத்து வேற யாரோ ஊர்ல வசவா இருக்குன்னா அது அந்த எழுத்தோட குத்தம் கிடையாது. வாயால பேசுற மொழிகள்லயே ஒண்ணுல சாதாரண வார்த்தை இன்னொண்ணுல அசிங்கமா கேக்கும், அதுக்காக யாரும் அந்த வார்த்தையை விடுறதில்ல. பையனை T-யை மாத்தச் சொல்லாதீங்க, ஒளிச்சுக் காட்டவும் சொல்லாதீங்க. இன்னொரு தடவை யாராவது முறைச்சா நீங்க முந்திக்கிட்டு, "இவன் சைகை மொழில பேசுறான்"னு நிதானமா சொல்லுங்க, பெரும்பாலானவங்க அந்த நிமிஷமே இறங்கி வந்துடுவாங்க. பையன்கிட்டயும் இந்த T கதையைச் சொல்லுங்க, எந்த நாட்டுல என்ன அர்த்தம்னு, அவன் வயசுக்கு ஏத்த மாதிரி. தான் ஏதோ அசிங்கம் பண்ணிட்டோம்னு அவன் மனசுல தங்கிடக் கூடாது.

கேள்வி: இவ்வளவையும் மனப்பாடம் பண்ணிட்டா வெளிநாடு போறது?

பதில்: வேண்டாம். ஒருத்தரைக் காட்ட ஒரு விரலுக்குப் பதிலா முழுக் கையை நீட்டுங்க. ஆளைக் கூப்பிட விரலைச் சுருக்கி ஆட்டாதீங்க, பிலிப்பைன்ஸ்ல நாயைக் கூப்பிடத்தான் அது, ஜப்பான்ல எல்லாம் உள்ளங்கையைக் கீழ பாத்து வச்சுத்தான் கூப்பிடுவாங்க, அங்க கையாட்டுற பொம்மைப் பூனை கூட அப்படித்தான் கூப்பிடுது, வெளிநாட்டுக்கு விக்கிறதுக்குன்னு பண்ற சில பூனைக்கு கையைத் திருப்பி வச்சுப் பண்றாங்க. வியட்நாம்ல குட் லக்னு விரலைப் பின்னிக் காட்டாதீங்க, பெண்ணுறுப்பைச் சொல்றதா எடுத்துப்பாங்க. மத்தபடி போன இடத்துல முதல் ரெண்டு நாள் உங்க கையைக் குறைச்சு மத்தவங்க கையைக் கவனிங்க.

கேள்வி: மூணு வயசுப் பொண்ணு எதைக் காட்டினாலும் நடுவிரலால காட்டுறா. வீட்டுல எல்லாரும் சிரிக்கிறாங்க, அவ இன்னும் ஜாஸ்தி பண்றா. எப்படி நிறுத்துறது?

பதில்: முதல்ல சிரிக்கிறதை நிறுத்தச் சொல்லுங்க, அவளுக்கு அந்தச் சிரிப்புதான் வேணும். அதட்டவும் வேண்டாம், அதட்டினா அந்த விரல்ல ஏதோ விசேஷம் இருக்குன்னு புரிஞ்சுப்பா. அவ எதைக் காட்டுறாளோ அதுக்கு பதில் சொல்லுங்க, "ஆமா, நிலா"ன்னு சொல்லிக்கிட்டே நீங்க ஆள்காட்டி விரலால நிலாவைக் காட்டுங்க, கொஞ்ச நாள்ல தானா மாறிக்குவா.